மரமீனின் வரலாறு

தூண்டில் என்னும் சொல் 'தூண்டு' என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர். இரையைக் காட்டி மீனைத் தூண்டுவதால் அக்கருவி அப்பெயர் பெற்றது. மண்புழுவையோ இறாலையோ முள்ளில் கோத்து நீரில் விடும்போது மீனைத் தூண்டுவன அவ்விரையின் மணமும் சுவையும் ஆகும். மணமும் சுவையும் உயிரும் அற்ற ஒரு மரத்துண்டைக் கொண்டு மீனைத் தூண்ட வேண்டுமாயின் என் செய்வது? உயிருள்ள மீனின் அசைவை அம்மரத்துண்டிற்கு வழங்க வேண்டும். வட அமெரிக்காவின் நன்னீர் மீனாகிய பாஸ் மீனைப் பிடிப்பதற்கென எழுந்த பொய்யிரைகளின் வரலாறு, அந்த அசைவைத் தேடிய வரலாறே எனலாம்.

அப்பொய்யிரைகளுள் 'ஜெர்க்பெய்ட்' எனப்படுவது தனிச்சிறப்புடையது. மெலிந்து நீண்ட சிறுமீனின் வடிவில் அமைந்த இதனைச் சீராக இழுத்து வருவதில்லை. கோலின் நுனியால் வெட்டி வெட்டி இழுத்து, இடையிடையே அசையாமல் நிறுத்த வேண்டும். இதற்குரிய கோல், நரம்பு, முள் யாவும் கடையில் கிடைப்பவை. ஆயின், எதனை ஏன் தேர்வது என்னும் அறிவு கடையில் தோன்றியதன்று. மீனின் இயல்பைப் பொறுமையுடன் உற்றுநோக்கியவர்கள் வழியாக வந்தது.

பாஸ் மீனும் முதற் பொய்யிரைகளும்

பாஸ் இனத்துள் பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் என்னும் இரண்டும் பெரிதும் அறியப்பட்டவை. பெருவாய் பாஸ் நெடுந்தொலைவு துரத்தி வேட்டையாடும் மீன் அன்று. நீர்ப்பூண்டுகளின் அருகிலும் வீழ்ந்த மரங்களின் நிழலிலும் பதுங்கியிருந்து, அண்மையில் வரும் சிறுமீனையும் தவளையையும் நன்னீர் இறாலையும் ஒரே பாய்ச்சலில் விழுங்கும். கண்ணால் காண்பதோடு, உடலின் இருபுறமும் ஓடும் உணர்கோட்டினால் நீரின் சிற்றதிர்வையும் அது அறியும். நலிந்த இரையைப் பிடிப்பது எளிது என்பதால் தடுமாறும் மீனை அது விரைந்து தாக்குகிறது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் நகரில் வாழ்ந்த கடிகாரத் தொழிலாளர் ஜார்ஜ் ஸ்னைடர், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும் பற்சக்கர ரீலைச் செய்தார். உயிருள்ள சிறுமீனை முள்ளில் கோத்துத் தொலைவில் எறிந்து, விரைந்து மீட்க அது பயன்பட்டது. கடிகாரத்தின் நுட்பம் தூண்டிலுக்குள் புகுந்தது இவ்வாறே. 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நெசவாலைத் தொழிலைச் சார்ந்த ஆல்பிரட் இல்லிங்வொர்த், ஆலையின் நூற்கண்டிலிருந்து நூல் கழன்று வருவதைப் பின்பற்றி, உருளை சுழலாமலே நரம்பு கழன்று செல்லும் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். அதனால் எடை குறைந்த பொய்யிரையையும் தொலைவில் எறிதல் கூடுவதாயிற்று.

மிச்சிகன் மாநிலத்தின் டவாஜியாக் ஊரினரான ஜேம்ஸ் ஹெடன் தேனீ வளர்ப்பில் தேர்ந்தவர். அவர் ஏரிக்கரையில் பொழுதுபோக்காகச் செதுக்கிய மரத்துண்டை நீரில் எறிந்தபோது பாஸ் மீன் ஒன்று பாய்ந்து தாக்கியது என்றும், அதனைக் கண்டே மரத்தால் பொய்யிரை செய்யத் தொடங்கினார் என்றும் செவிவழிச் செய்தி வழங்குகிறது. 1890களில் அவர் செதுக்கிய மரத்தவளைகள் பின்னர் ஒரு பெருந்தொழிலுக்கு வித்திட்டன. 1932ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்னும் இளம் உழவர், பொய்யிரையைக் கொண்டு 22 பவுண்டு 4 அவுன்ஸ், அஃதாவது ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள பெருவாய் பாஸைப் பிடித்தார். பொருளாதார நெருக்கடி மிக்க அந்நாளில் உலகச் சாதனையாகிய அம்மீன் அவர் குடும்பத்திற்கு உணவாயிற்று.

பின்லாந்து மீனவர்

ஜெர்க்பெய்ட் வரலாற்றின் தலையாய திருப்பம், பாஸ் மீன் வாழாத ஒரு நாட்டில் நிகழ்ந்தது. 1905ஆம் ஆண்டில் பின்லாந்தின் சிஸ்மா என்னும் ஊரில் பிறந்த லௌரி ரப்பலா, பையானே ஏரியில் படகு வலித்து மீன்பிடித்து வாழ்ந்த ஏழைத் தொழிலாளர். ஒவ்வொரு முள்ளிலும் உயிரிரையைக் கோப்பதற்கே அவருடைய நாளின் பெரும்பகுதி கழிந்தது. துடுப்பு வலிக்கும் வேளையில் அவர் நீரை நோக்குவார். வேட்டைமீன் சிறுமீன்களின் கூட்டத்துள் புகும்போது, ஒருபுறம் சாய்ந்து தடுமாறி நீந்தும் மீனையே தெரிந்து தாக்குவதை அவர் கண்டார்.

1936ஆம் ஆண்டில் அவர் தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் மீன்போலச் செதுக்கினார். சாக்லேட் பொதியும் ஈயத்தாளைச் சுற்றிச் செதில்போல் ஒளிரச் செய்தார். புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சாகப் பூசினார் என்பர். இம்மரமீனின் உயிர்நாடி அதன் வாயின்கீழ்ச் சாய்வாகப் பொருத்திய சிறு தகடேயாகும். நரம்பை இழுக்கும்போது நீர் அத்தகட்டில் மோதி, இடமும் வலமுமாக மாறி மாறி விலகிச் செல்லும். அதனால் பொய்யிரை தடுமாறும் மீனைப் போல நெளிந்து ஆடும். பிற்காலத்தில் எடை மிகக் குறைந்த பால்சா மரம் தக்கையின் இடத்தைப் பெற்றது. செய்து முடித்த ஒவ்வொன்றையும் நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்து, ஆட்டம் பிழைத்தால் திருத்திய பின்னரே விற்பது ரப்பலா குடும்பத்தாரின் வழக்கமாயிற்று.

1959ஆம் ஆண்டில் மின்னசோட்டாவைச் சேர்ந்த ரான் வெபர் இப்பொய்யிரையின் ஆற்றலைக் கண்டு, ரே ஆஸ்ட்ரம் என்பவருடன் சேர்ந்து அமெரிக்காவில் இறக்குமதி செய்யலானார். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'லைஃப்' இதழில் இதனைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. நடிகை மரிலின் மன்றோவின் மறைவையொட்டி அவருடைய படம் அட்டையில் இடம்பெற்ற இதழாதலின் அது மிகுதியாக விற்பனையாயிற்று. ரப்பலா குடும்பத்தார் செய்து கொடுக்க இயலாத அளவிற்கு வேண்டுகோள்கள் குவிந்தன. பின்லாந்தின் பைக் மீனுக்கும் டிரவுட் மீனுக்கும் செதுக்கிய மரமீன் இங்ஙனம் அமெரிக்க பாஸின் வாய்க்குள் புகுந்தது.

நீரிடையே நின்ற மரமீன்

ரப்பலாவின் மரமீன் மிதக்கும் தன்மையது. இழுத்தால் ஆழ்ந்து, நிறுத்தினால் மேலே எழும். கோடையில் இது குறையன்று, குளிர்காலத்திலோ பெருங்குறையாயிற்று. மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தைப் பின்பற்றுவது. நீர் குளிருங்கால் பாஸின் செரிமானமும் இயக்கமும் தளர்வதால் எழுந்தோடும் இரையை அது துரத்துவதில்லை.

மிசௌரி, ஆர்கன்சா மாநிலங்களில் பரந்த ஓசார்க் மலைப்பகுதியில் 1951இல் புல் ஷோல்ஸ் அணையும், 1958இல் டேபிள் ராக் அணையும் கட்டி முடிக்கப்பட்டன. அவற்றின் தெளிந்த நீர்த்தேக்கங்களில் ஷாட் எனப்படும் வெள்ளிநிறச் சிறுமீன்கள் மிகுதி. கடுங்குளிரில் அம்மீன்கள் வலுவிழந்து, சிறிது துடித்து, அசைவற்று நீரிடையே நின்று, மீண்டும் துடித்து மடியும். இதனைக் கண்ட தூண்டிற்காரர்கள் தம் மரமீனும் அவ்வாறே நிற்க வேண்டும் என விரும்பினர். சிலர் அதன் வயிற்றில் துளையிட்டு ஈயம் வைத்தனர்; சிலர் முள்ளின் தண்டில் ஈயக்கம்பியைச் சுற்றினர். மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும் பொய்யிரையைத் தொழிற்சாலைகள் பின்னர்ச் செய்யலாயின. ஜப்பானியத் தொழிலாளர்கள் உடலின் உள்ளே உருளும் எடைக்குண்டுகளை அமைத்தனர். எறியும்போது குண்டு வாலுக்கு நகர்ந்து தொலைவைக் கூட்டும். இழுக்கும்போது முன்னே வந்து மீனை நிலைப்படுத்தும்.

இங்கு ஓர் இயற்பியல் உண்மையை மாணவர் கருதற்குரியர். குளிர்ந்த நீர் வெந்நீரினும் அடர்த்தி மிக்கது. ஆதலின் வெதுவெதுப்பான நீரில் அசையாது நிற்கும் அதே பொய்யிரை குளிர்நீரில் மெல்ல எழக்கூடும். ஈயத்தைச் சிறிது கூட்டியோ முள்ளின் அளவை மாற்றியோ அதனைச் சமன்செய்வர்.

கருவித் தேர்வின் காரணங்கள்

ஜெர்க்பெய்ட்டிற்கு ஏறத்தாழ 6½ அடி முதல் 7 அடி வரை நீளமுள்ள, நடுத்தர வலிமையுடைய கோலைத் தேர்வர். நுனியைத் தாழ்த்தி வெட்டி இழுக்கவேண்டியிருப்பதால் மிக நீண்ட கோல் நீரில் மோதும், கையையும் சோர்வுறுத்தும். பொய்யிரையில் தொங்கும் மும்முனை முட்கள் மெல்லியவை. விறைத்த கோலால் ஓங்கி இழுத்தால் மீனின் வாய் கிழியும், அல்லது முள் வளையும். வளைந்து கொடுக்கும் கோல் மீனின் உதறலைத் தான் ஏற்றுக்கொண்டு முள்ளைக் காக்கும். இங்கு வலிமையினும் நெகிழ்வே மேம்பட்டது.

நரம்பின் வரலாறும் அறியத்தக்கது. முற்காலத்தில் பட்டுநூலே பெரிதும் பயன்பட்டது. பயன்படுத்திய பின் அதனை உலர்த்தாவிடின் மக்கிவிடும். 1938இல் டுபான்ட் நிறுவனம் நைலானை அறிவித்தபின், தங்கூசி என மக்கள் வழங்கும் ஒற்றையிழை நரம்பு பரவியது. 1971இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் புளோரோகார்பன் நரம்பை வெளியிட்டது. நைலானின் அடர்த்தி நீரினும் சிறிதே மிகுதி; புளோரோகார்பனின் அடர்த்தியோ நீரைப்போல ஏறத்தாழ 1.8 மடங்கு. ஆகவே அது தாழ்ந்து சென்று பொய்யிரையை ஆழத்தில் நிறுத்துகிறது. ஒளியை விலக்கும் அளவு நீருக்கு அண்மையில் இருப்பதால் தெளிந்த நீரிலும் எளிதில் புலப்படுவதில்லை. பெரும்பாலும் 8 முதல் 12 பவுண்டு வரை தாங்கும் நரம்பே போதுமானது. நரம்பு தடித்தால் நீரின் தடை மிகுந்து பொய்யிரை ஆழத்தை இழக்கும். பின்னிய பாலிஎதிலீன் நரம்பு வலியதாயினும் மிதப்பது. ஆதலின் அதனை முதன்மை நரம்பாகக் கொள்வோர் அதன் முனையில் புளோரோகார்பனைச் சில அடி இணைத்துக்கொள்வர்.

நிறத் தேர்வும் அங்ஙனமே. தெளிந்த நீரில் உண்மை மீனையொத்த ஒளிஊடுருவும் நிறங்களும், கலங்கிய நீரில் மீன் எளிதில் காணத்தக்க வெளிர் நிறங்களும் பொருந்தும்.

கையின் பயிற்சி

கருவிகள் அமைந்தபின் எஞ்சுவது கையின் பயிற்சி. கோலின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்தி, நரம்பைச் சிறிது தளரவிட்டு, மணிக்கட்டால் இருமுறையோ மும்முறையோ வெடுக்கென இழுக்க வேண்டும். நரம்பு முறுக்காக இருந்தால் பொய்யிரை நேராக முன்னேறும். தளர்ந்திருந்தால்தான் இடமும் வலமும் பாய்ந்து திரும்பும். பின்னர் நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஓரிரு நொடி போதும். நீர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தபோது ஐந்து, பத்து நொடிகள், சிலவேளை அதனினும் மிகுதியாகக் காத்திருத்தல் வேண்டும்.

பாஸ் பெரும்பாலும் தாக்குவது இழுக்கும்போதன்று, நிறுத்தும்போதேயாகும். பொறுமையற்றவன் இழுத்துக்கொண்டே இருப்பான். மீன் பின்தொடர்ந்து வந்து திரும்பிவிடும். நிறுத்தத்தின்போது நரம்பு மெல்ல நகர்வதோ தளர்வதோ மட்டுமே மீன் கவ்வியதற்கு அறிகுறி. அதனைக் காணாத கண்ணுக்கு எத்துணை விலையுயர்ந்த கோலும் உதவாது.

விடுதலும் விடாமையும்

நுட்பம் வளர வளர மீன் குறையும் என்னும் அச்சமும் வளர்ந்தது. 1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் என்னும் காப்புறுதி முகவர் நடத்திய போட்டியில் 106 பேர் கலந்துகொண்டனர். அடுத்த ஆண்டு அவர் பாஸ் தூண்டிற்காரர்களின் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1972 முதல், பிடித்த மீனைக் கொல்லாது நீர்த்தொட்டியில் உயிருடன் காத்து, நிறுத்தபின் ஏரியில் விடும் முறையைப் போட்டிகளில் அவர் வற்புறுத்தினார். அவ்வழக்கம் நாளடைவில் போட்டிக்கு வெளியேயும் வேரூன்றியது.

தாயகத்தில் காக்கத்தக்க இம்மீனே பிற நாட்டில் தீங்காகவும் ஆயிற்று. 1925இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் விடப்பட்ட பெருவாய் பாஸ் பின்னர் நாடெங்கும் பரவி, தொன்மை மிக்க பீவா ஏரியில் அங்கு மட்டுமே வாழும் மீனினங்களுக்கு இடராயிற்று. 2003இல் ஷிகா மாவட்டம் அவ்வேரியில் பிடித்த பாஸை மீண்டும் நீரில் விடுவதைத் தடைசெய்தது. 2005இல் நாடளாவிய சட்டமும் நடைமுறைக்கு வந்தது. 2009ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள் அதே பீவா ஏரியில், உயிரிரையைக் கொண்டு மனாபு குரிதா பிடித்த மீன், ஜார்ஜ் பெர்ரியின் 77 ஆண்டுச் சாதனைக்கு இணையாக ஏற்கப்பட்டது. அமெரிக்காவில் மீனை விடுவது அறம். பீவாவில் விடுவது குற்றம். மலேசிய, சிங்கப்பூர் நீர்நிலைகளில் தூண்டிற்காரர் விரும்பும் பீகாக் பாஸ், பெயரால் பாஸ் எனினும் தென்னமெரிக்காவின் வேறோர் இனத்தைச் சேர்ந்த வந்தேறி மீனாகும். அதனை வேறு நீர்நிலையில் கொண்டுபோய் விட எண்ணுவோர்க்குப் பீவா ஏரியின் பட்டறிவு தக்கதோர் எச்சரிக்கை.

1974இல் லௌரி ரப்பலா மறைந்தபோது, அவர் தக்கையில் செதுக்கிய வடிவம் உலகெங்கும் பரவியிருந்தது. கல்விச்சாலையில் அவர் நீரியக்கம் பயின்றவர் அல்லர். துடுப்பை நிறுத்திவிட்டு, தடுமாறும் ஒரு சிறுமீனை நெடிது நோக்கியவர். அவருக்குப் பின் வந்தோர் கோலையும் நரம்பையும் எடையையும் மாற்றியமைத்ததும் அந்த நோக்கின் தொடர்ச்சியே. எந்நீரில், எக்காலத்தில், எம்மீனுக்கு என்னும் மூன்றையும் முதலில் ஆராய்ந்து, அதன்பின் கருவியைத் தேர்பவனே தூண்டிற்கலை கற்றவன். பிடித்த மீனை என் செய்வது என்பதற்கும் அம்மூன்றையே அவன் ஆராய்தல் வேண்டும்.