இரட்டை இயங்குதள நிறுவல் சிக்கல்கள்

இரட்டை இயங்குதள நிறுவல் என்பது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, கணினியைத் தொடக்கும்போது அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யும் முறையாகும். ஒன்றை மீண்டும் நிறுவும்போது மற்றது தொடங்காமல் போவது இம்முறையில் பரவலாகக் காணப்படும் சிக்கலாகும். இந்நிலையில் பெரும்பாலும் மாறியிருப்பது தொடக்க நிரல் மட்டுமே. பயனரின் கோப்புகள் வன்தட்டில் அப்படியே இருக்கும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸ் 7, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் இடம்பெற்றன. இதனால் கோவில்பட்டி போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்களிடமும் இரட்டை இயங்குதளக் கணினிகள் சென்றடைந்தன.

காரணங்கள்

பயோஸ் வகைக் கணினிகளில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகள் முதன்மைத் தொடக்கப் பதிவு எனப்படும். இதில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் வட்டுப் பிரிவு அட்டவணைக்கும், 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் உரியவை.

* விண்டோசை நிறுவும்போது அதன் தொடக்க நிரல் இங்கு எழுதப்படுவதால், லினக்சின் கிரப் நிரல் நீங்கிவிடும்.
* அட்டவணையில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கே இடமுண்டு. நான்கும் நிரம்பியிருப்பின் புதிய பிரிவு உருவாக்க இயலாது.
* மின்கலம் வலுவிழந்த கணினியில் மின்வெட்டு ஏற்பட்டால் நிறுவல் பாதியில் நின்றுவிடும்.

அறிகுறிகள்

தெரிவுப் பட்டியல் தோன்றாமல் விண்டோஸ் நேரடியாகத் தொடங்கினால், கிரப் மேலெழுதப்பட்டுள்ளது எனலாம். திரையில் 'கிரப் ரெஸ்கியூ' எனத் தோன்றினால் கிரப்பின் முதற்பகுதி எஞ்சியுள்ளது. லினக்ஸ் பிரிவு நீக்கப்பட்டோ அதன் எண் மாறியோ இருக்கலாம்.

சீர்செய்தல்

# லினக்ஸ் நேரடி வட்டு அல்லது யூஎஸ்பி மூலம் கணினியைத் தொடக்கி, கோப்புகளை வெளிவட்டில் படியெடுத்தல்.
# வட்டுப் பிரிவுகள் அனைத்தும் உள்ளனவா எனச் சரிபார்த்தல்.
# லினக்ஸ் பிரிவு இருப்பின் 'சிஎச்ரூட்' கட்டளையால் அதனுள் நுழைந்து, 'கிரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-கிரப்' ஆகியவற்றை இயக்குதல்.
# லினக்ஸ் பிரிவு நீக்கப்பட்டிருப்பின், விண்டோஸ் நிறுவல் வட்டின் மீட்புப் பகுதியில் 'பூட்ரெக்' கட்டளையை 'ஃபிக்ஸ்எம்பிஆர்' தெரிவுடன் இயக்குதல்.

வன்தட்டு முழுவதையும் வடிவமைத்து மீண்டும் நிறுவினால் பாடக் குறிப்புகள், செய்முறைப் பணிகள் முதலிய கோப்புகள் அனைத்தும் இழக்கப்படும். எனவே அதனை இறுதி வழியாகவே கொள்ளுதல் வேண்டும்.

புதிய கணினிகளில்

யூஇஎஃப்ஐ வகைக் கணினிகளில் இரு தொடக்க நிரல்களும் தனிப் பிரிவொன்றில் வெவ்வேறு கோப்புகளாக இருப்பதால், ஒன்று மற்றதை அழிப்பது குறைவு. எனினும் ஒரு தளத்தைப் பயோஸ் முறையிலும் மற்றதை யூஇஎஃப்ஐ முறையிலும் நிறுவினால் தெரிவுப் பட்டியலில் ஒன்று தோன்றாது போகலாம்.