ஸிர்யாபின் தலைமுடி

அந்தலூஸின் பெருமை பேசும் நம்மவர் மேடைகளில் ஸிர்யாப் என்ற பெயர் அடிக்கடி வருகிறது. ஐரோப்பாவுக்குப் பற்பசை தந்தவர், பெண்களுக்கு அழகுக்கலைக் கூடம் அமைத்தவர், உணவை வரிசைப்படி பரிமாறக் கற்றுக்கொடுத்தவர் என்று பட்டியல் நீளும். உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கும் பிள்ளைகளும் இதைத்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அவர் ஒரு பாடகர், ஊத் வாசித்துச் சம்பாதித்தவர் என்பதை மட்டும் பேச்சாளர்கள் மெல்ல விழுங்கிவிடுகிறார்கள். பற்பசையில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. பாட்டு என்றால்தான் நமக்குள் சச்சரவு.

அவரது இயற்பெயர் அலி இப்னு நாபிஃ. அப்பாஸியக் கலீபா மஹ்தியின் மவ்லாக்களில் ஒருவர். கருத்த மேனியும் இனிய குரலும் இருந்ததால் ஒரு கரும்பறவையின் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பக்தாதை விட்டு வெளியேறி, கைரவானில் சில காலம் தங்கி, 822இல் அந்தலூஸில் கால் வைத்தார். அதே ஆண்டில் ஆட்சிக்கு வந்த அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் மாதம் 200 தீனார் சம்பளத்தில் அவரைக் குர்துபா அரசவையில் அமர்த்திக்கொண்டார்.

அவர் வந்தபோது அங்கிருந்த தலைகள் எப்படியிருந்தன என்பதை மக்கரீ தமது ‘நஃப்ஹுத் தீப்’ நூலில் சொல்கிறார். ஆணும் பெண்ணும் முடியை நீள வளர்த்து, நடு நெற்றியில் வகிடு எடுத்து, இரு பக்கமும் தொங்கவிட்டிருந்தார்கள். கன்னப்பொறியும் புருவமும் அதற்குள் மறைந்து கிடந்தன. ஸிர்யாபும் அவரது மனைவியரும் பிள்ளைகளும் முன்முடியைக் கத்தரித்துப் புருவத்துக்கு நேராக ஒழுங்குபடுத்தி, காதுப்பக்கம் வளைத்து, கன்னப்பொறியில் விழவிட்டிருந்தார்கள். விபரமறிந்தவர்கள் அதைக் கண்டு மனம் பறிகொடுத்துத் தாமும் அப்படியே வெட்டிக்கொண்டார்களாம்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குர்துபாவை ஆண்டவர்கள் உமையாக்கள். 750இல் அவர்களது குடும்பத்தைக் கொன்று குவித்து ஆட்சியைப் பறித்தவர்கள் அப்பாஸியர். தப்பியோடிய ஓர் இளவரசர் 756இல் குர்துபாவில் ஆட்சி அமைத்தார். அவரது கொள்ளுப்பேரன்தான் ஸிர்யாபை வரவேற்ற அமீர். எதிரியின் தலைநகரிலிருந்து வந்தவரின் முடிவெட்டை அந்த அரசவையே ஆசையோடு பின்பற்றியிருக்கிறது. அரசியல் பகை தலைமுடி வரை எட்டவில்லை.

2002 உலகக் கிண்ணப் போட்டியில் பிரேசில் வீரர் ரொனால்டோ முன்நெற்றியில் மட்டும் ஒரு கொத்து முடியை விட்டு மற்றதை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஊர் சலூனிலும் சில பையன்கள் அப்படி வெட்டச் சொல்லி உட்கார்ந்தார்கள். தலையின் ஒரு பகுதியை மழித்து மறுபகுதியை விடுவதைத் தடுக்கும் ஹதீஸைச் சொல்லிப் பெரியவர்கள் அதட்டியும் பலன் இருக்கவில்லை. பாட்டுக்காரர் ஒருவருக்காகக் குர்துபாவின் கனவான்கள் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள்.

மேடைப் பட்டியலில் ஏறாத ஒரு சங்கதியும் உண்டு. அக்குள் நாற்றத்துக்கு ஸிர்யாப் காட்டிய மருந்து, நமது வைத்தியர்கள் மிருதார்சிங்கி என்று பாரசீகப் பெயரால் சொல்லும் பொருள். அதற்கு முன் அந்தலூஸின் பிரபுக்கள் மலர்ப்பொடிகளைப் பூசி உடுப்பைக் கறையாக்கிக்கொண்டிருந்தார்கள். மிருதார்சிங்கியை உப்போடு பதப்படுத்தி வெள்ளையாக்கும் வித்தையை அவர் காட்டிக்கொடுத்தார். அது ஈயத்தின் ஒட்சைட்டு, நஞ்சு. டொமினிக்கன் குடியரசின் மக்கள் இதே பொடியை அக்குளில் பூசி வந்தார்கள். அதைப் பாவிக்க வேண்டாமென்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003இல் எச்சரித்தது. நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான் மனிதர் முழுமையாகத் தெரிவார்.

மக்கரீ 17ஆம் நூற்றாண்டுக்காரர். திலிம்ஸானில் பிறந்து 1632இல் கெய்ரோவில் மறைந்தவர். அவர் காலத்தில் அந்தலூஸ் கைவிட்டுப் போயிருந்தது. எஞ்சியிருந்த முஸ்லிம் வழியினரும் 1609 முதல் 1614 வரை நாடுகடத்தப்பட்டுவிட்டார்கள். இழந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது எவருக்கும் குரல் சற்று உயரத்தான் செய்யும். அவர் எடுத்தாண்ட மூலம் குர்துபாவின் வரலாற்றாசிரியர் இப்னு ஹையான் (மறைவு 1076) எழுதியது. காணாமற் போயிருந்த அதன் கையெழுத்துப் பிரதி 1999இல் மத்ரிதில் வெளியிடப்பட்டது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வாளர் ட்வைட் ரெனால்ட்ஸ், ஸிர்யாபுக்கு நிகரான மற்றப் பாடகர்களையும் அவரைக் குறைத்துச் சொல்லும் கதைகளையும் மக்கரீ கழித்துவிட்டதை 2008இல் எடுத்துக்காட்டினார். முடியைப் போலவே கதையும் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. பற்பசையும் அழகுக்கூடமும் முடியையும் மிருதார்சிங்கியையும் பற்றிய மக்கரீயின் பத்தியில் இல்லை.

ஆனால் ஒரு சிறு குறிப்பை மக்கரீ கத்தரிக்காமல் விட்டுவைத்தார். ஸிர்யாபின் குடும்பத்தார் வெட்டியிருந்த விதத்தைச் சொல்லிவிட்டு, ‘இன்று’ அரண்மனை அலிகளும் அடிமைப் பெண்களும் வைத்திருப்பதைப் போல என்று அந்தப் பத்தி விளக்குகிறது. அந்த ‘இன்று’ மக்கரீயின் காலமாக இருக்க முடியாது. அப்போது அங்கே அமீரும் இல்லை, அரண்மனையும் இல்லை. பழைய மூலத்தின் ‘இன்று’ அது. ஆகவே ஸிர்யாப் மறைந்து சுமார் இருநூறு ஆண்டுகளுக்குள், அமீரின் அவை ஆசைப்பட்டு வெட்டிக்கொண்ட முடி ஏவலாளரின் அடையாளமாகிவிட்டிருந்தது. கனவான்கள் அதற்குள் வேறு யாரையோ பார்த்து வெட்டத் தொடங்கியிருப்பார்கள்.