ஈளைநோய் மருந்துகள்

ஈளை என்றும், இரைப்பு என்றும், இழுப்பு என்றும், சுவாசகாசம் என்றும் பலவாறு வழங்கப்பெறும் நோயினால் மூச்சுக்குழல்கள் ஒடுங்கித் திணறுவோர்க்கு உடனடி நிவாரணமாகவும், அத்திணறல் மீண்டும் வாராதிருக்கத் தடுப்பாகவும் கொடுக்கப்படும் ஔஷதங்கள் ஈளைநோய் மருந்துகள் எனப்படும். இந்நோயில் மூச்சுக்குழலைச் சூழ்ந்த மெல்லிய தசைவளையங்கள் சுருங்குகின்றன. குழலின் உட்சுவர் அழற்சியுற்றுத் தடிக்கின்றது. கெட்டியான சளி ஊறி, எஞ்சிய வழியையும் அடைக்கின்றது. இம்மூன்றனுள் தசைச் சுருக்கத்தைத் தளர்த்தும் பொருள்களை மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அறிந்திருக்கிறான். உட்சுவரின் அழற்சியைத் தணிப்பதே சிகிச்சைக்கு அடிப்படை என்பதை அவன் ஐயமற உணர்ந்தது நேற்றைய செய்தி. இம்மருந்துகளின் சரித்திரம் பெரும்பாலும் அந்தத் தாமதத்தின் சரித்திரமே. அத்தாமதத்திற்கிடையில் போன உயிர்கள் பல.

நோயுற்ற இடத்திற்கே மருந்தைச் செலுத்தவேண்டும் என்ற யுக்தி மிகப் பழையது. கி.மு. 1550 அளவில் எழுதப்பெற்ற எகிப்திய வைத்தியச் சுவடியான ஏபர்ஸ் பாப்பிரஸில், சூடேற்றிய கற்களின்மேல் மூலிகையை இட்டு எழும் ஆவியை நாணற்குழாய் வழியே உறிஞ்சும் முறை கூறப்பட்டுள்ளது. சரக சம்ஹிதை, இரவில் படுக்கவொட்டாது எழுப்பி உட்காரவைக்கும் இந்நோயைத் தமக சுவாசம் என்று பெயரிட்டு விவரிப்பதோடு, மருந்துப் புகை பிடித்தலையும் சிகிச்சைகளுள் ஒன்றாக விதிக்கின்றது. தமிழ் வைத்தியர் ஆடாதோடை, தூதுவளை, கண்டங்கத்தரி முதலியவற்றைக் கஷாயமாகவும் லேகியமாகவும் கொடுத்துவந்ததோடு, ஊமத்தையின் உலர்ந்த இலையைச் சுருட்டிப் புகைக்கச் செய்வதும் உண்டு. ஊமத்தை விஷம் என்பதை அறியாதவர் அல்லர் அவர். அளவறிந்து கொடுத்தால் விஷமும் மூச்சைத் திறந்துவிடும் என்பதை அனுபவத்தால் கண்டிருந்தனர்.

மேல்நாட்டு வைத்தியத்தில் ஊமத்தைப் புகை இடம்பெற்ற வரலாறு சென்னையில் தொடங்குகின்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வைத்தியராகச் சென்னையில் இருந்தவரும், சைதாப்பேட்டையில் இந்திரகோபப் பூச்சி வளர்ப்பதற்கென்று கள்ளித்தோட்டம் அமைத்தவருமான டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன், இந்நாட்டார் ஊமத்தையைப் புகைத்து இழுப்பிலிருந்து விடுபடுவதைக் கண்டு, அதே நோயால் வருந்திய ஜெனரல் ஜென்ட் என்ற படைத்தலைவருக்கு அதனைச் சொன்னார். 1802-ஆம் ஆண்டில் ஜென்ட் அம்மருந்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்று எடின்பரோவிலிருந்த டாக்டர் சிம்ஸ் என்பவரிடம் கொடுக்க, அங்கு இயற்கையாக வளரும் ஊமத்தை இனமும் அதே குணத்தைத் தரக்கூடியதென்று தெரியவர, சில ஆண்டுகளுக்குள் அப்புகை ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது. ஆண்டர்சன் பெயரும் ஜென்ட் பெயரும் ஏடுகளில் நிற்கின்றன. அந்த இலையைச் சுருட்டிக் காட்டிய நாட்டு வைத்தியர் இன்னாரென்று எந்த ஏட்டிலும் இல்லை. ஈளைநோயின் நவீன சிகிச்சையில் தமிழகத்துக்கு உரிய பங்கு எது என்று கேட்பவர்க்கு, முதலில் சுட்டத்தக்கவர் பெயரிழந்த அம்மனிதரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊமத்தைச் சுருட்டுகளும், எரித்து முகரும் பொடிகளும் மருந்துக்கடைச் சரக்காயின. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட், பாலப்பருவம் முதல் தம்மை வாட்டிய இழுப்புக்கு இவற்றையே நம்பியிருந்தார். இலையிலுள்ள சத்து அட்ரோபின் போன்ற காரப்பொருள்கள் என்பதும், தசையைச் சுருங்கச் செய்யும் நரம்பின் ஏவலை அவை தடுக்கின்றன என்பதும் பின்னர் விளங்கின. வாய் வறளுதல், பார்வை மங்குதல், சித்தம் கலங்குதல் முதலிய கேடுகளால் புகை கைவிடப்பட்டபோதிலும், ஊமத்தையின் வமிசம் அற்றுப்போகவில்லை. அட்ரோபினைச் சிறிது மாற்றி, மூளைக்குள் புகாதவாறு செய்யப்பட்ட இப்ராட்ரோப்பியம் 1970-களில் வந்தது. அதனினும் நெடுநேரம் நிலைக்கும் டையோட்ரோப்பியம் பின்னர்த் தோன்றியது. புகையிலையாலும் அடுப்புப் புகையாலும் நுரையீரல் நலிந்தோர்க்கு இன்றும் இவையே உற்ற துணை.

ஆடாதோடையின் வரலாறும் இதனை ஒத்ததே. உதகமண்டலத்தில் சிங்கோனாப் பட்டையை ஆராயும் அரசாங்க ரசாயன நிபுணராயிருந்த டேவிட் ஹூப்பர், 1888-இல் ஆடாதோடை இலையிலிருந்து வாசிசின் என்னும் காரப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதனை முன்மாதிரியாகக் கொண்டு சளியை இளக்கும் பிரோம்ஹெக்சினும், அதன் வழித்தோன்றலான ஆம்ப்ராக்சாலும் ஜெர்மனியில் உருவாயின. இருமலுக்கென்று கடையில் வாங்கும் சீசாவின் சீட்டில் இப்பெயர்களைப் படிப்பவர், தம் வேலியோரத்துச் செடியின் பிள்ளைகளைத்தான் படிக்கிறார்.

காப்பியும் ஒரு காலத்தில் ஈளைக்கு மருந்தாயிருந்தது. தாமே இந்நோயாளியாயிருந்த ஹென்றி ஹைட் சால்டர் என்ற ஆங்கில வைத்தியர், 1860-இல் வெளியிட்ட தம் நூலில், வெறும் வயிற்றில் பருகும் கடுங்காப்பி இழுப்பைத் தணிப்பதாக எழுதினார். 1888-இல் ஆல்பிரெக்ட் கோசெல் தேயிலையிலிருந்து பிரித்த தியோபிலின், காப்பிச் சத்தின் நெருங்கிய உறவான பொருள். அது ஈளைக்கு உதவும் என்பது தெரிய மேலும் முப்பதாண்டுகளுக்கு மேல் சென்றன. குணம் தரும் அளவுக்கும் வாந்தி, படபடப்பு, வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் குறைவாதலால், அதன் செல்வாக்கு இப்பொழுது குன்றிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அட்ரினலின் இத்துறையின் போக்கையே மாற்றியது. ஜப்பானிய ரசாயன அறிஞர் தகாமினே அதனைச் சுத்தமான வடிவில் பிரித்தெடுத்த சில ஆண்டுகளுக்குள், 1903-இல் நியூயார்க் நகர வைத்தியர்களான புல்லோவாவும் கப்லனும் அதை ஊசி மூலம் தோலினடியில் செலுத்தியபோது, மணிக்கணக்காக மூச்சுக்குத் தவித்தவர்கள் சில நிமிஷங்களில் ஆறுதல் பெற்றனர். ஆனால் வாய்வழி உட்கொண்டால் அது பயன்படாது. ஊசியோ வைத்தியரின் கையை எதிர்நோக்கியது. இக்குறையை ஓரளவு நீக்கியது எபிட்ரின். சீன வைத்தியத்தில் மா ஹுவாங் என்று வழங்கிய பழமையான செடியிலிருந்து நாகாய் என்ற மற்றொரு ஜப்பானியர் 1885-இல் அதனைப் பிரித்திருந்தார். பெக்கிங் நகரில் சென், ஷ்மிட் என்ற இருவர் அதன் குணத்தை ஆராய்ந்து 1924-இல் வெளியிட்ட பின்னரே அது மாத்திரையாக உலகெங்கும் சென்றது.

1940-ஐ ஒட்டி ஜெர்மனியில் பிறந்த ஐசோபிரனலின், அட்ரினலினைவிட மூச்சுக்குழலை நன்கு திறந்தது; இதயத்தையும் வேகமாகத் தூண்டியது. இதனைக் கண்ணாடித் தெளிப்பானின் ரப்பர்க் குமிழை அழுத்தி அழுத்தி உள்ளிழுப்பது அன்றைய வழக்கம். 1955-இல் அமெரிக்காவில் ரைக்கர் ஆய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த ஜார்ஜ் மேசனிடம், இழுப்பு நோயுள்ள அவருடைய பதின்மூன்று வயது மகள், தலைக்குத் தெளிக்கும் வாசனைத் திரவம் போல் என் மருந்தையும் ஒரு டப்பியில் அடைத்தால் என்ன என்று கேட்டாள். அக்கேள்வியின் பயனாக, ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரே அளவு மருந்தை வெளிவிடும் சிறு டப்பி மறு ஆண்டே விற்பனைக்கு வந்தது. இன்ஹேலர் என்று நாம் வழங்கும் பொருள் அதுவே. நோயாளியின் மருந்து அவன் சட்டைப்பையிலேயே இருக்கும் நிலை அன்றுதான் பிறந்தது.

அந்த நன்மையின் கூடவே ஓர் ஆபத்தும் வந்தது. 1960-களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஈளைநோயால் இறந்தோர் தொகை திடீரென்று ஏறியது. பத்து முதல் பதினான்கு வயதுள்ள சிறுவரிடையே அது பல மடங்காயிற்று. ஆராய்ந்து பார்த்தபோது, ஒவ்வோர் அழுத்தலிலும் சாதாரண அளவைப் போல் ஐந்து மடங்கு ஐசோபிரனலினை வெளிவிடும் வீரியமிக்க டப்பிகள் பெரிதும் விற்பனையான தேசங்களிலேயே இம்மரணங்கள் மிகுந்திருந்தமை புலனாயிற்று. அத்தகைய டப்பிக்கு அனுமதி அளிக்காத அமெரிக்காவில் அந்த ஏற்றம் காணப்படவில்லை. மருந்து இதயத்தைத் தாக்கியதா, அல்லது கணநேர ஆறுதல் தந்து, உள்ளே முற்றிவரும் நோயை மறைத்து, வைத்தியரிடம் போகும் வேளையைத் தாழ்த்தியதா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. எச்சரிக்கை செய்து விற்பனையைக் கட்டுப்படுத்திய பிறகு மரணங்கள் குறைந்தன. எனினும் அந்தப் பாடம் நிலைக்கவில்லை. 1976-க்குப் பின் நியூசிலாந்தில் பெனோடெரால் என்ற வேறொரு மருந்தோடு அதே துயரம் மீண்டும் நிகழ்ந்தது.

இதற்கிடையில் நரம்பின் ஏவலை ஏற்கும் வாயில்கள் இதயத்தில் ஒருவகையாகவும் மூச்சுக்குழலில் மற்றொரு வகையாகவும் இருப்பதை அல்குவிஸ்டும், அவருக்குப் பின் லாண்ட்ஸும் வகுத்துக் காட்டினர். மூச்சுக்குழல் வாயிலை மட்டும் பெரும்பாலும் தட்டும் மருந்தைத் தேடிய டேவிட் ஜாக்கின் குழுவினர், இங்கிலாந்தின் வேர் நகரில் சால்பியூட்டமாலைக் கண்டனர். 1969-இல் வெளிவந்த அம்மருந்து, நீலநிற டப்பியில் இன்றும் உலகெங்கும் கையாளப்படுகின்றது.

இவையனைத்தும் தசையைத் தளர்த்தும் மருந்துகளே. அழற்சிக்கு மருந்து வேறு திசையிலிருந்து வந்தது. மேயோ வைத்தியசாலையில் ஹெஞ்ச்சும் கெண்டலும் 1948-இல் மூட்டுவாதத்திற்குக் கொடுத்த கார்டிசோன், விரைவிலேயே ஈளைக்கும் அற்புத குணம் தந்தது. ஆனால் மாதக்கணக்கில் உட்கொண்டவர்க்கு முகம் பருத்தது, எலும்பு நொய்ந்தது, குழந்தைகளின் வளர்ச்சி குன்றியது. இவ்விடத்தில் ரோஜர் ஆல்டூன்யன் என்ற வைத்தியரை நினைக்காமல் மேற்செல்ல மனம் ஒப்பவில்லை. தாமே ஈளைநோயாளியாகிய அவர், தமக்கு ஒவ்வாத கினிப்பன்றி ரோமத்தின் சத்தை முகர்ந்து வேண்டுமென்றே இழுப்பை வருவித்துக்கொண்டு, எகிப்தின் கெல்லா என்னும் மூலிகையை ஒட்டி உருவாக்கிய நூற்றுக்கணக்கான சேர்மானங்களைத் தம் உடம்பிலேயே பல ஆண்டுகள் பரிசோதித்தார். 1965-இல் கிடைத்த குரோமோகிளைகேட் அத்தவத்தின் பலன். இழுப்பு வந்தபின் நிறுத்துவதன்று, வருமுன் காப்பது அதன் குணம். அதன் பொடியை உள்ளிழுப்பதற்காக, முன்பு விமானப்படையில் பணியாற்றிய அவர், விமான விசிறியை ஒத்த சிறு சுழலியொன்றையும் அமைத்தார். குரோமோகிளைகேட்டின் வலிமை பெரிதன்று. ஆயினும் நாள்தோறும் முகர்ந்து நோயை வராமல் தடுக்கலாம் என்ற எண்ணத்தை வைத்தியர் மனத்தில் அது ஊன்றியது.

அந்த எண்ணம் 1972-இல் பெக்ளோமெத்தசோனால் நிறைவேறியது. கார்டிசோன் இனத்தைச் சேர்ந்த அம்மருந்தை மைக்ரோகிராம் கணக்கில் மூச்சுவழியே கொடுத்தபோது, உட்சுவர் அழற்சி தணிந்தது. உடம்பு முழுவதும் பரவும் கேடுகள் பெரிதும் நீங்கின. 1980-களில், இலேசான நோயுள்ளவரின் மூச்சுக்குழல் சுவரிலிருந்தும் சிறு துணுக்கு எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தபோது அங்கேயும் அழற்சி இருக்கக் கண்டனர். இழுப்பு இல்லாத நாளிலும் நோய் உள்ளேயே இருக்கின்றது என்ற உண்மைக்கு அதன்பின் மறுப்பு இல்லை.

பின்வந்த மருந்துகளை விரைவாகச் சொல்லிவிடலாம். அழற்சியைத் தூண்டும் லியூகோட்ரையீன்களை எதிர்க்கும் மாண்டிலூகாஸ்ட் 1998-இலும், ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்புரதத்தைப் பிணிக்கும் ஓமாலிசுமாப் 2003-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பின்னது கடுநோயாளர்க்கே உரியது, விலையும் மிகுதி. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையால் டப்பிகளில் இருந்த பழைய உந்துவாயுவும் படிப்படியாக மாற்றப்பட்டது.

உலகளாவிய ஆஸ்துமா முனைப்புக் குழுவாகிய கீனா, வளர்ந்தவர்க்கும் இளைஞர்க்கும் தசைதளர்த்தும் இன்ஹேலரை மட்டும் தனித்துக் கொடுக்கும் ஐம்பதாண்டு வழக்கத்தை 2019-இல் கைவிட்டு, அழற்சி தணிக்கும் மருந்தும் உடன் சேரவேண்டும் என்று அறிவுறுத்தியது. ஆனால் நம் வீடுகளில், இன்ஹேலரைத் தொட்டால் விடமுடியாது, அது கடைசி மருந்து, மாத்திரையே சாது என்ற அச்சம் இன்னும் நீங்கவில்லை. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் இருப்பது 4 மில்லிகிராம்; டப்பியை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது அதில் நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை இரத்தத்தோடு உடம்பெங்கும் அலைந்து மூச்சுக்குழலை அடைகின்றது. டப்பியின் மருந்து நேரே அங்கு போய் ஐந்து நிமிஷத்தில் வேலை தொடங்குகின்றது.