கங்காணி நோட்டும் சங்கச் சீட்டும்

பெரியகுளம், போடி, கம்பம் வட்டாரச் சேரிகளில் மலைக்குப் போகாத குடும்பம் குறைவு. ஊர்க்காரர்களுக்கு மலைக்குப் போவது என்றால் சபரிமலை. எங்க சனங்களுக்கு அது தேயிலைக் காடு, ஏலக்காடு.

1877-ல் பூஞ்சாறு அரசரிடமிருந்து மன்றோ என்கிற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். 1897-ல் கம்பெனி வந்தது. காடு வெட்டவும் கொழுந்து கிள்ளவும் கீழ்நாட்டுத் தமிழர்களைக் கொண்டு போனார்கள். போடி, கொட்டகுடி, குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறுகிற பாதையில் தேயிலைப் பெட்டி கம்பிவடத்தில் தொங்கி இறங்கியது. மனுசங்க நடந்து ஏறினார்கள். துரைமார் பெயரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. எங்க பாட்டன், பாட்டி பெயர் ஏறிய ஒரே ஏடு கங்காணி நோட்டுத்தான்.

கங்காணி யார்? ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பவன், மலையில் வேலை வாங்குபவன், கடன் கணக்கு வைப்பவன். மூன்றும் ஒரே ஆள். தன் ஆள் எத்தனை பேர் பெரட்டுக்கு நின்றார்களோ அத்தனை தலைக்கும் அவனுக்குக் காசு. ஆகவே காய்ச்சல்காரனையும் பிள்ளைபெற்றவளையும் எழுப்பி நிறுத்தினால்தான் அவனுக்கு வரும்படி. முன்பணம் தீராமல் ஓடினால் குற்றம். பிரிட்டிஷ் இந்தியாவில் இதற்கு 1859-லேயே சட்டம் போட்டார்கள். திருவிதாங்கூரிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது.

இலங்கை மலையகத்திலும் இதே ஏற்பாடுதான். பெரிய கங்காணி பெரும்பாலும் சாதி இந்து. அவனுக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். இவர்கள் அந்தந்தக் கூட்டத்துக்குள்ளிருந்தே வந்தவர்கள், பள்ளர், பறையர், சக்கிலியர் உட்பட. இதை நம் ஆட்கள் கவனிக்க வேண்டும். பெரிய நோட்டு மேல்சாதிக்காரனிடம். சனங்களை வையும் வேலை மட்டும் நம்மவனிடம்.

1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. சங்கங்கள் வளர்ந்தன. 1958 மூணாறு வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு இரண்டு தொழிலாளர் செத்தார்கள். ஆள்பிடிக்கும் கங்காணி மெல்ல மறைந்தான். வேலை வாங்கும் கங்காணி சூப்பர்வைசர் ஆனான்.

என் தாய்மாமன் ஒருவர் 1980-களின் கடைசியில் அந்தப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். அவரை சூப்பர்வைசராகப் போட்டார்கள். லயத்தில் சந்தோசம். "நம்ம சாதியில ஒருத்தன் குடையும் நோட்டுமா நிக்கிறான்" என்று கிழவிகள் பூரித்தார்கள். எட்டு மாசந்தான். நோட்டை ஆபீசில் வைத்துவிட்டுக் கவ்வாத்துக் கத்தியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஏன் மாமா என்று பிற்பாடு கேட்டேன். "மாப்ளே, ஈரக்கொழுந்துன்னு கூடைக்கு ரெண்டு கிலோ வெட்டச் சொல்றது அவங்க. வெட்டி எழுதுறது நான். தராசு முள்ளப் பாக்க ஒரு பொம்பளைய பக்கத்துல நிக்க விடுங்கன்னு கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. பெறகு எனக்கு அங்க என்ன வேலை?" என்றார்.

திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. எடை எப்படிக் குறைகிறது, அரைநாள் எப்படி விழுகிறது என்று நோட்டைப் பிடித்த கைக்குத் தெரியும். தராசுப் பக்கம் தொழிலாளி நிற்க வேண்டும் என்பதைச் சங்கக் கோரிக்கையாக எழுதவைத்தார்.

சட்டம் என்ன சொன்னது? 1947 தொழில் தகராறு சட்டத்தில் மேற்பார்வை வேலை செய்பவர் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் வாங்கினால் 'தொழிலாளி' இல்லை. 1956 திருத்தத்தில் அந்தத் தொகை மாதம் 500 ரூபாய், 1984-லிருந்து 1,600, 2010-ல் 10,000. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் 18,000. மாமா வாங்கியது 1,600-க்கும் கீழே. சட்டப்படி அவர் தொழிலாளிதான். இருந்தும் நோட்டு கைக்கு வந்த அன்றைக்கே, "இனி சங்கக் கூட்டத்துக்குப் போகாதே" என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். சட்டம் பிரிக்காத ஆளை அந்த நோட்டு பிரித்தது.

அதனால் நம்மவர் யாரும் மேல்வேலைக்குப் போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1938 பிப்ரவரியில் மன்மாட்டில், தீண்டப்படாத ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். பார்ப்பனியம், முதலாளியம் இரண்டும் நமக்கு எதிரி என்றார். தலித் தொழிலாளி கேங்மேனாகவே கிடந்து சாகிறான், மேல்வேலை அவனுக்கு எட்டுவதில்லை என்பதையும், மில்லில் நல்ல கூலி கிடைக்கிற நெசவுப் பகுதிக்குள் அவனை விடுவதில்லை என்பதையும் அங்கேதான் வைத்தார். உயர்வு நம் உரிமை. அதற்கு விலையாகச் சங்கச் சீட்டைக் கேட்டால் அது உயர்வா என்பதே கேள்வி.

சங்கமும் ஒரு நோட்டுத்தான் என்று 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண்கள் காட்டினார்கள். அந்தக் கம்பெனியில் 2005-லிருந்து தொழிலாளிகளும் பங்குதாரர்கள். பேர்தான் பங்குதாரர், தினக்கூலி 232 ரூபாய். 20 சதவீத போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள். பெரிய சங்கங்களின் தலைவர்களைக் கிட்டே விடவில்லை. லிசி சன்னி, கோமதி, இந்திராணி என்று அவர்களுக்குள்ளிருந்தே பேசினார்கள். பெயர் 'பெம்பிளை ஒருமை'. போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67 என்று 20 சதவீதம் வந்தது. அடுத்த மாசம் கூலி 301 ஆனது. அவர்கள் கேட்டது 500.

தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியது பெண்கள். சூப்பர்வைசராகவும் சங்கத் தலைவராகவும் இருந்தது பெரும்பாலும் ஆண்கள். என் மாமாவின் கோரிக்கையில்கூட, தராசுப் பக்கம் நிற்க வேண்டிய பெண்ணின் பேச்சை ஒரு ஆண்தான் எழுதவைத்தார்.

இன்றைக்கும் விடிவதற்கு முன்னால் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ரோடுகளில் ஜீப்புகள் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஏலக்காட்டுக்குப் போகின்றன. ஆள் சேர்க்கிறவர், கூலி வாங்கிப் பிரிக்கிறவர் ஜீப்பிலேயே இருக்கிறார். கங்காணி என்ற பேர் மட்டும் இல்லை. அந்த ஜீப்புக்கு ஒரு சங்கம் கட்டுவது எப்படி? தோழர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.