செட்டி: தொழில்வழிக் குடும்பப் பெயர்

செட்டி என்பது வணிகரைக் குறிக்கும் பழைய பெயர். இலங்கையில் அது கொழும்புச் செட்டிகள் என்ற சிறு சமூகத்தின் பெயராகவும், அச்சமூகத்தின் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிவரும் குடும்பப் பெயராகவும் வழங்குகிறது. இச்சமூகத்தின் வரலாறு கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெரு ஆகிய பகுதிகளோடு பின்னிக் கிடக்கிறது. தந்தை கடை வைத்திருந்தார், மகனும் வைத்தார், அதனால் பெயர் நிலைத்தது என்றே இத்தகைய பெயர்களுக்குப் பொதுவாக விளக்கம் சொல்லப்படும். கொழும்பின் சான்றுகள் அதற்கு இடம் தருவதில்லை. வணிகம் ஒரு பெயரைத் தந்தது உண்மை. அதைக் குடும்பத்தின் மேல் நிலையாக ஏற்றியது திருச்சபையும் அரசும் வைத்த பதிவேடு. பெயர் எழுத்தில் ஏறியபோது அதைத் தாங்கியவர்களில் பலர் வணிகத்தை விட்டிருந்தனர். சிலர் வணிகத்தில் இறங்கியதே இல்லை.

பாளி நூல்களில் செல்வந்த வணிகர் ‘சேட்டி’ எனப்படுகிறார்; புத்தருக்கு ஜேதவனத்தை வாங்கிக் கொடுத்த அனாதபிண்டிகர் அப்படி அழைக்கப்பட்டவர். தமிழில் வணிகருக்கு அரசன் வழங்கிய ‘எட்டி’ என்ற பட்டமும் உண்டு. இவற்றுள் எதிலிருந்து எது வந்தது என்ற விவாதம் இங்கே முக்கியமன்று. இரண்டுமே ஒருவரின் நிலையைச் சொன்னவை, பரம்பரையைச் சொன்னவை அல்ல என்பதே கவனிக்கத்தக்கது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இச்சொல்லைத் தங்கள் மொழிக்குள் ‘சாத்தீம்’ என்று எடுத்துக்கொண்டு, வாணிகம் செய்வதற்கு ஒரு வினைச்சொல்லையும் அதிலிருந்து ஆக்கினர். அவர்கள் காதில் அது ஒரு குடும்பத்தின் பெயராக அல்ல, ஒரு தொழிலின் பெயராகவே விழுந்திருக்கிறது.

மாற்றம் வந்தது திருமுழுக்கோடு. போர்த்துக்கேயர் காலத்திலும் பின்னர் ஒல்லாந்தர் காலத்திலும் தென்னிந்தியக் கரையிலிருந்து கொழும்பில் குடியேறிய செட்டிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவராயினர். கோயில் ஏட்டில் ஒருவருக்கு இரண்டு பெயர்கள் தேவைப்பட்டன: ஞானஸ்நானப் பெயர் ஒன்று, குடும்பப் பெயர் மற்றொன்று. ஒல்லாந்தர் அதை மேலும் இறுக்கினர். அவர்களுடைய பள்ளித் தோம்புகள் எனப்பட்ட பதிவேடுகளில் திருமுழுக்கும் திருமணமும், காணித் தோம்புகளில் நிலமும் உரிமையாளரும் பதிவாயின. தந்தையின் காணி மகனுக்குச் சேரவேண்டுமானால் இருவரையும் ஒரே பெயர் இணைப்பது வசதியாயிற்று. அந்த இரண்டாம் இடத்தைக் குடும்பங்கள் வெவ்வேறு விதமாக நிரப்பின. சிலருக்குப் பெர்னாண்டோ, ரொட்ரிகோ போன்ற போர்த்துக்கேயப் பெயர்கள் வாய்த்தன. சிலர் கந்தப்பா, ஆனந்தப்பா, அசரப்பா என்று மூதாதையின் தமிழ்ப் பெயரையே நிறுத்திக்கொண்டனர். காசிச்செட்டி போன்ற சில குடும்பங்களில் மட்டும் ‘செட்டி’ என்ற சொல் பெயருக்குள்ளேயே தங்கிவிட்டது.

அப்படித் தங்கிய பெயரை ஊரறியச் செய்தவர் 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. இலங்கையின் இடவிளக்க அகராதியை 1834இலும், தமிழ்ப் புலவர் வரலாற்றைச் சொல்லும் ‘தமிழ் புளூடாக்’ நூலை 1859இலும் வெளியிட்டவர். முதலியார், சட்டநிரூபண சபை உறுப்பினர், சிலாபத்து நீதிபதி என்று அவர் வகித்த பதவிகளில் ஒன்றுகூடக் கடையோடும் தராசோடும் தொடர்புடையதன்று. ஒண்டாச்சி குடும்பம் இன்னும் தெளிவான சான்று. தஞ்சாவூரிலிருந்து 1659இல் கொழும்புக்கு வந்த ஒரு மருத்துவரையே தங்கள் முதல்வராக அக்குடும்ப வரலாறு சொல்கிறது. மருத்துவர் வழி வந்தும் அவர்கள் செட்டிகளாகவே எண்ணப்பட்டனர். செட்டிகளாக எண்ணப்பட்டும் அச்சொல் அவர்கள் பெயரில் ஏறவில்லை. தமிழ்ப் பெயரை ஒல்லாந்து எழுத்தர் தம் வழக்கப்படி எழுதிய வடிவமே நிலைத்தது. 1758இல் கொழும்பில் பிறந்து, ஒல்லாந்தின் யூத்ரெக்ட் நகரத்தில் மக்களாட்சிக் கிளர்ச்சியை முன்னின்று நடத்திய குவின்ட் ஒண்டாச்சியும், 1992இல் புக்கர் பரிசு பெற்ற எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சியும் தாங்கிய பெயர் அதுவே.

செட்டி சாதிப் பெயர்தானே, அதைத் தொழில்வழிப் பெயர் என்பது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கொழும்புச் செட்டிகளே தம்மை வைசிய மரபினர் என்று சொல்லிவந்திருக்கிறார்கள். ஆனால் செட்டியார் தெருவை எடுத்துக்கொள்வோம். அங்கே 19ஆம் நூற்றாண்டில் வட்டித்தொழில் நடத்தியவர்களும், ஆடிவேல் விழாவுக்குக் கதிரேசன் கோயிலிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் விட்டவர்களும் நாட்டுக்கோட்டை நகரத்தார். அவர்கள் சைவர்கள், செட்டிநாட்டில் குடும்பத்தை வைத்துவிட்டுத் தொழிலுக்காக வந்தவர்கள். கொழும்புச் செட்டிகளோடு அவர்களுக்குக் கொள்வினை கொடுப்பினை இல்லை. இரு சாராரையும் ஒரே பெயரால் ஊர் அழைத்ததற்கு வணிகம் தவிர வேறு பொதுவான காரணம் தெரியவில்லை. அதே தெருவுக்குச் சிங்களத்தில் ஹெட்டி வீதிய என்று பெயர்; ஹெட்டியாரச்சி, ஹெட்டிகே என்ற சிங்களக் குடும்பப் பெயர்களிலும் அச்சொல் இருக்கிறது. இதைக் கொண்டு அப்பெயர்களைத் தாங்கிய எல்லோரையும் செட்டிகளின் வழித்தோன்றல்கள் என்று முடிவு கட்டுவது அவசரம். சொல் பரவுவதும் இரத்தம் பரவுவதும் ஒன்றல்ல.

பதிவேடு இல்லாமலும் பெயர் நின்றிருக்காதா என்பது அடுத்த மறுப்பு. இதற்குக் கொழும்பின் வெள்ளவத்தையில் விடை இருக்கிறது. அங்கு வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் தந்தையின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகும். பேரனுக்கு அதுவும் மாறிவிடும். இந்த முறையில் எந்தப் பெயரும் இரண்டு தலைமுறைக்கு மேல் தானாகக் கடப்பதில்லை. கடல் கடந்த சான்று தென்னாப்பிரிக்கா. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் விவரங்கள் கப்பல் பட்டியல்களில் எழுதப்பட்டன. செட்டி, பிள்ளை, படையாச்சி போன்றவை அங்கே குடும்பப் பெயர்களாக உறைந்தன. கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கத்தி பிடித்தவர் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றது வணிகரின் பெயரை. மலாக்காவில் வேறு கதை: 15ஆம் நூற்றாண்டுச் சுல்தான்கள் காலத்திலிருந்து வேரூன்றிய தமிழ் வணிகரின் வழிவந்தோர் மலாய் பேசும் சைவர்களாக வாழ்கின்றனர், ‘சிட்டி’ அங்கே முழுச் சமூகத்துக்குமான பெயர்.

ஆங்கிலத்தில் இதற்கு நேரான பெயர் ‘சாப்மன்’. பழைய ஆங்கிலத்தில் வணிகன் என்று பொருள். இடைக்கால இங்கிலாந்திலும் இத்தகைய பெயர்கள் தொழிலைவிட்டுப் பிரிந்து வழிவழிப் பெயர்களாயின. நிலப் பத்திரங்களும் வரிப் பட்டியல்களும் அவற்றை எழுத்தில் நிறுத்தின. ஒப்பந்தச் சட்ட நூலால் இலங்கை வழக்கறிஞர்கள் நன்கறிந்த ஆங்கிலேயர் ஜோசப் சிட்டியின் பெயரை இந்த வரிசையில் சேர்க்கக்கூடாது. அது இங்கிலாந்தின் ஊர்ப்பெயர் ஒன்றிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது.

இன்று இலங்கைக் குடிசன மதிப்பில் ‘இலங்கைச் செட்டி’ தனி இனப்பிரிவு. 2012ஆம் ஆண்டுக் கணக்கில் அதில் பதிவானவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. அவர்களில் செட்டி என்ற சொல்லைக் குடும்பப் பெயரில் தாங்குவோர் சிலரே. பெர்னாண்டோக்களும் கந்தப்பாக்களும் அதே பிரிவில்தான் தம்மைப் பதிகிறார்கள்.