உளியும் மலரும்: இரும்புக் கலையின் வரலாற்றில் சில பக்கங்கள்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. குடவோலை முறையை நமக்கு அறிவிக்கும் அவ்வெழுத்துகளைப் பொறித்த உளி எங்கே? கல் நின்றது, கல்லைப் பேசச் செய்த இரும்பு மறைந்தது. தமிழகக் கலை வரலாற்றில் இரும்பின் நிலையும் இத்தகையதே.

நொய்யற்கரைக் கொடுமணலில் இரும்புருக்கிய உலைகள் அகழாய்வில் வெளிப்பட்டன. எஃகு என்னும் சொல் பழந்தமிழில் படைக்கலத்தையும் குறித்தது. கொழுவாய் உழுததும் வேலாய்ப் பாய்ந்ததும் இரும்பே. எனினும் திருமேனிகளுக்குச் செம்பும் அதன் கலவைகளுமே உரியவாயின. செம்பு 1,085 பாகை செல்சியசில் உருகும். தூய இரும்புக்கோ 1,538 பாகை வேண்டும். மெழுகு வார்ப்புக்கு இரும்பு இணங்கவில்லை; துருவும் அதன் பகையாயிற்று.

இந்நிலையை மாற்றியது பற்றவைப்பு. 1920களின் இறுதியில் பாரிசில் பிக்காசோவும் ஹூலியோ கொன்சாலசும் இரும்பைப் பற்றவைத்துச் சிற்பம் செய்தனர். அமெரிக்கரான அலெக்சாண்டர் கால்டர் தகட்டை வெட்டி வண்ணம் பூசி இலையும் பறவையும் நினைவூட்டும் வடிவங்களைப் படைத்தார். 1955இல் அகமதாபாத்தில் தங்கியும் அவர் சிற்பங்கள் செய்தார். சிகாகோவில் 1974இல் நிறுவப்பெற்ற அவருடைய செந்நிற எஃகுப் ‘பூநாரை’ 53 அடி உயரமுடையது.

நம் மண்ணிலும் உலோகத்தகடு புதுமொழி பேசியது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமம் தோன்றியது. அந்நாளில் அவ்வூரும் உத்திரமேரூரும் செங்கற்பட்டு மாவட்டத்தினவே. அங்கு பி.வி. ஜானகிராம், கோயிற் கவசம் செய்வார்போல் தகட்டை அடித்து உருவம் எழுப்பினார். ஓவியம் பயின்ற எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, எனாமல் வண்ணமும் சேர்த்துப் பறவையும் மரமுமாய் மலரச் செய்தார். அக்கலைஞர்கள் பாட்டிக் துணி முதலிய கைவினைகளை விற்றே வாழ்வை நடத்தினர் என்பது ஈண்டு நினையத்தக்கது. கைவினை தாழ்ந்தது, கலை உயர்ந்தது என்னும் பாகுபாட்டை அவர்தம் வாழ்வே மறுத்தது.

அம்மறுப்பை நம்மூர்த் தெருவுக்கும் கொணர்தல் வேண்டும். கிரில் பட்டறையில் ஒருவர் இரும்புப்பட்டையைக் கொடியாக வளைக்கிறார்; தகட்டில் மயிலையும் தாமரையையும் வெட்டிப் பற்றவைக்கிறார்; துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, உலர்ந்தபின் பச்சையும் நீலமும் தீட்டுகிறார். வீட்டு வாயிலில் மாட்டிய அன்றே அது ‘கேட்டு’ என்னும் பெயர் பெற்றுக் கலைக்கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. இன்றோ கணினிவழி வெட்டிய தகடுகள் வருகின்றன. அவற்றில் ஒரு மயில்போலவே மறு மயிலும் இருக்கும்; கை வளைத்த கொடியில் இரண்டு சுருள்கள் ஒன்றாய் அமைவதில்லை.

இரும்புக் கலை தானே தன்னைக் காத்துக்கொள்ளாது; ஆண்டுதோறும் வண்ணம் கேட்கும். வண்ணம் பூச இயலாதாரும் அதன் வரலாற்றை எழுதலாம். பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக் கவிஞர்கள், தம் தெருவின் ஒரு பட்டறைக்கேனும் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களையும் செய்முறையையும் குறித்துவைத்தல் வேண்டும். உளியை இழந்தோம், மலரையேனும் இழவாதிருப்போம்.