யட்சனும் மரமும்: சீனத் திரையில் ஒரு புராணக் கதையின் பரிணாமம்

சீன வாள்வீரப் படங்களிலே மாந்தர் கூரைமேல் பறப்பதையும், வாள் தானே கிளம்பிப் பகைவனைத் தேடிச் செல்வதையும், ஆவிகள் மானிடரைக் காதலிப்பதையும் கண்ட அளவிலே, இவையெல்லாம் பண்டைப் புராணங்களினின்று நேரே திரைக்கு வந்தவை என்று கொள்வது பெருவழக்கு. இக்கொள்கை பாதியே பொருந்தும் என்பதும், நாடக மேடையும் முற்காலத் திரைப்படமும் இடையே நின்று, காட்டத்தக்கதை வளர்த்துக் காட்டவியலாததைக் கைவிட்டன என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அதனை நிறுவ ஒரு கதையின் வரலாறே போதும்.

ஷான்டுங் மாகாணத்திலே 1640 முதல் 1715 வரை வாழ்ந்த பூ சுங்லிங், அரசாங்கத் தேர்வுகளிற் பன்முறை தோல்வியுற்று, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்து காலங்கழித்தவர். அவர் எழுதிய ஏறத்தாழ ஐந்நூறு விந்தைக் கதைகள் கையெழுத்துப் படிகளாகவே வழங்கி, அவர் மறைந்து அரை நூற்றாண்டு சென்றபின், 1766இல் அச்சேறின. அவற்றுள் ஒன்று நியே சியாவ்சியான் என்னும் ஆவிப்பெண்ணின் கதை. பாழ்ங்கோயிலில் தங்கும் வழிப்போக்கரை மயக்கிப் பூதத்திற்கு இரையாக்குமாறு ஏவப்பட்ட அவள், நிங் என்னும் கற்றோனுடைய ஒழுக்கத்தின் முன் தோற்று, உண்மையை உரைத்துவிடுகிறாள். அவளுடைய எலும்புகளை அவன் அகழ்ந்தெடுத்துத் தன் ஊரிலே அடக்கஞ் செய்ய, அவளும் உடன் வந்து, அவன் தாய்க்குப் பணிவிடை புரிந்து, அரையாண்டு சென்றபின் மெல்லக் கஞ்சி பருகக் கற்று, முடிவில் மனைவியாகி மகனையும் பெறுகிறாள். இவர்களைக் காக்கும் யென் என்னும் வீரனுடைய வாளோ இரண்டே அங்குல நீளமுடையது. பெட்டியிலிருந்து வெண்ணொளியாகப் பாய்ந்து, பூதத்தைப் புண்படுத்தி, மீண்டும் பெட்டிக்குள் அடங்கிவிடுவது.

இத்தகைய ஒளிவாள்தான் முதலில் திரைக்கு உகந்ததாயிற்று. சியாங் கைரானின் நாவலைத் தழுவி ஷாங்காய் மிங்சிங் நிறுவனம் 1928இல் தொடங்கிய 'செந்தாமரைக் கோயிலை எரித்தல்' 1931க்குள் பதினெட்டுப் பாகங்களாக வளர்ந்தது. நடிகரைக் கம்பியிற் கட்டிப் பறக்கச் செய்தலும், வாளொளியை வரைந்து சேர்த்தலும் அதிலே கையாளப்பட்டன. மூடநம்பிக்கையை வளர்ப்பதென்று கோமின்டாங் அரசாங்கம் அதனைத் தடை செய்தது, படமும் அழிந்துபோயிற்று. உத்திகள் மட்டும் அழியாமல் ஹாங்காங் சென்று, அந்நகரத்துக் கான்டனீயப் படங்களிலே மறுவாழ்வு பெற்றன.

சியாவ்சியான் கதையை ஷா சகோதரர் நிறுவனத்திற்காக லீ ஹான்சியாங் 1960இல் படமாக்கினார். அது அவ்வாண்டு கான் விழாவிலும் இடம்பெற்றது. 1987இலே சூயீ ஹார்க் தயாரிக்க, சிங் சியுடுங் இயக்கி, லெஸ்லி சியுங்கும் ஜோயி வாங்கும் நடித்த படம் அக்கதையை மறுபடியும் எடுத்துக்கொண்டது. இங்கே நிங் கடன் வசூலிக்கத் திரியும் ஏழை இளைஞன். சீன இசைநாடகத்தில் நடிகை வீசும் நீண்ட கைத்துணி, இங்கே மரக்கிளைகளுக்கிடையே ஆவியைச் சுமந்து செல்லும் வெண்பட்டாகிறது. இரையை நோக்கிக் காட்டினூடே விரையும் காமிராவோ, 1981இல் வெளிவந்த அமெரிக்கத் திகிற்படமாகிய 'ஈவில் டெட்'டை நினைவூட்டுகிறது. கதையின் முடிவும் மாறிற்று. விடியும் வேளையிலே, சூரியவொளி அவளைத் தீண்டாதிருக்க நிங் சாளரத்தைத் தாங்கி நிற்கிறான். அவள் முகத்தை இறுதியாக ஒரு முறை காண்பதற்குள் அவள் மறைந்துவிடுகிறாள். கஞ்சி பருகக் கற்ற அந்த அரையாண்டுக்கு இங்கே இடமில்லை.

பிரிவில் முடியும் காதலே மக்களுக்கு உவப்பானது, ஆதலின் முடிவு மாறிற்று, இதில் உத்திக்கு என்ன வேலை என்று வினவலாம். பிரிவு நேர்ந்தமைக்கு அவ்விடை போதும்; அப்பிரிவு ஏன் ஒளியால் நேர்ந்தது என்பதற்குப் போதாது. இல்லறப் பணியால் ஆவி சிறிது சிறிதாக மானிடமாதல் வாசிப்போன் மனத்திலே நிகழத்தக்கது. சாளரத்தின் வழியே பாயும் ஒரு கீற்று வெயிலால் அவள் மறைதலோ ஒளியையே கருவியாகக் கொண்ட கலைக்கு இயல்பானது.

பூதத்தின் வரலாறு இதனை மேலும் தெளிவுறுத்தும். மூலக்கதையிலே அப்பூதத்திற்குப் பெயர் 'யெச்சா'. வடமொழி யட்சன், பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்பு வழியே சீனத்திற் குடியேறிப் பெற்ற வடிவம் அது. மின்னற் கண்ணும் குருதி நாக்கும் உடையது என்ற அளவிலே பூ சுங்லிங் அதன் வருணனையை முடித்துவிடுகிறார். 'பாட்டி' என்று ஓரிடத்திற் சுட்டப்பெறும் கிழவி ஒருத்தியும், இரவிலே உரையாடும் ஒரு காட்சியில் மட்டும் தோன்றி மறைகிறாள். 1987ஆம் ஆண்டுப் படமோ அந்நாக்கையும் அப்பாட்டியையும் ஒன்றாக்கி, ஆண்குரலும் பெண்குரலும் மாறி மாறி ஒலிக்கும் ஒரு மரப்பேயைப் படைத்து, ஒரு சொல்லாக இருந்த நாக்கை வீடு முழுதும் நிறையும் காட்சியாக வளர்த்தது.

யட்சனைக் குபேரனுடைய பரிவாரமாகவும், இயக்கன் இயக்கியாகவும் அறிந்த நமக்கு, அவ்வினத்தார் பாரத மரபிலே மரங்களில் உறைபவர் என்பதும் தெரிந்ததே. சீனம் சென்ற யட்சன் மரத்தை இழந்து, கொடும்பூதமாக மட்டும் எஞ்சினான். இயக்குநர் இம்மரபை அறிந்தே மரத்தைத் தெரிந்தெடுத்தார் என்பதற்குச் சான்றில்லை. அசையும் வேரும் நீளும் கிளையும் திரைக்கு ஏற்றவை என்பதே போதிய காரணம். ஆயினும் காட்சியின் தேவை, ஏட்டு மரபு கைவிட்ட உறைவிடத்தை யட்சனுக்குத் தற்செயலாக மீட்டுக் கொடுத்திருக்கிறது.